உடைமரத்தடியில் கிடந்த ஆண்மான்

ஐப்பசி இரண்டாம் வாரம். இரண்டு இரவு விடாமல் பெய்த மழை ஓய்ந்திருந்த காலையில் வனக்காப்பாளர் போன் செய்தார். "சார், ஒரு ஆண்மான் செத்துக் கெடக்கு. நாய் கடிச்சுப் போட்டிருக்கு. வந்து பாத்து எழுதிக் குடுத்தீங்கன்னா பொதைச்சிரலாம்." அப்போது நான் இராமநாதபுரம் மாவட்டத்துச் சாயல்குடி வட்டாரத்தில் கால்நடை உதவி மருத்துவராக இருந்தேன். ஆடு மாட்டு ஊசிப் பெட்டியோடு கத்திப் பையையும் வண்டியில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஒரு மணி நேரத்து வேலை என்றுதான் கணக்கு.

அன்றைக்கு 'நாய் கடியால் மரணம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பியிருப்பேன். அதற்கு முன்னால் அந்தப் பக்கத்தில் செத்த மான்கள் பலவற்றுக்கு அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவற்றில் எத்தனை உண்மையில் நாய் கொன்றவை என்று இன்றைக்கு நினைத்தால் நெஞ்சு உறுத்துகிறது. இந்த ஒரு மானைப் பற்றி விவரமாக எழுதி வைப்பதற்கு அந்த உறுத்தல்தான் காரணம்.

இடம்

சாயல்குடியிலிருந்து தூத்துக்குடி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே பிரிகிற மண்பாதை ஒன்றில் போக வேண்டும். முதலில் சீமைக் கருவேல். அப்புறம் செம்மண் கலந்த மணல் மேடு, பனை, நடுநடுவே உடைமரம். காற்று திரும்பினால் அலைச் சத்தம் கேட்கும். அவ்வளவு பக்கம் கடல்.

இங்கே மான் இருக்கிறதா என்று வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள். இருக்கிறது. புள்ளிமான். கருவேலங்காட்டுக்குள் பகலில் படுத்திருந்து, அந்தியில் கண்மாய் உள்வாய்க்கும் பனங்காட்டுக்கும் வரும். கருவேல நெத்து அதற்குப் பிடித்த தீனி. கோடையில் கண்மாய் வெடித்துப் போனால் கடற்கரை மணலில் பெண்கள் தோண்டி வைத்திருக்கும் ஊற்றுக்குத் தண்ணீர் குடிக்க வரும். காலையில் சிரட்டையும் குடமுமாக ஊற்றுக்குப் போகிறவர்கள் மணலில் குளம்படி பார்த்துவிட்டு, "ராத்திரி விருந்தாளி வந்திருக்கு" என்று சொல்வதுண்டு.

இந்தக் கரையில் கடலுக்குப் பாதுகாப்பு உண்டு. மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா 1986-ல் 21 தீவுகளைச் சேர்த்து அறிவிக்கப்பட்டது. பறவைக்கும் உண்டு. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மேலச்செல்வனூர் கீழச்செல்வனூர் என்று கண்மாய்களே சரணாலயங்களாக இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே வாழும் மானுக்குப் பட்டா நிலமும் புறம்போக்கும் பனங்காடும்தான். சரணாலயம் என்ற பலகை எதுவும் அதன் பாதையில் இல்லை. சட்டம் அதன் மேல் இருக்கிறது, ஆனால் காவலுக்கு இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு வனக்காப்பாளரும் அவருடைய மோட்டார் சைக்கிளும்தான்.

உடம்பு சொன்னது

மான் ஒரு உடைமரத்தடியில் கிடந்தது. உடைமரத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: குடை விரித்தது போல மேலே தட்டையாகப் பரந்திருக்கும், குடைவேல் என்றும் பெயர். கிளை தாழ்வாகவே ஓடும். நிமிர்ந்து நின்றால் தலையில் முள் குத்தும்.

பின்தொடை இரண்டும் பிய்ந்திருந்தன. வயிறு ஒரு பக்கம் திறந்திருந்தது. நாயின் வேலைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் உயிரோடு இருக்கும் பிராணியின் மேல் பல் பட்டால் சதைக்குள் ரத்தம் கட்டும். தோலை உரித்தால் நாவற்பழ நிறத்தில் கன்றிப் போயிருப்பது தெரியும். செத்த பிறகு கடித்தால் அப்படிக் கட்டாது. இந்த மானின் தொடையில் ஒரு கன்றல்கூட இல்லை. நாய் வந்தபோது அது ஏற்கெனவே செத்துப் போயிருந்தது.

கழுத்து மயிர் மழையில் நனைந்து படிந்திருந்ததால் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலை மயிருக்கு எதிராக ஓட்டினேன். தாடைக்குக் கீழே ஒரு கோடு விரலில் தட்டியது. தொட்டுக்கொண்டே போனேன். கழுத்தைச் சுற்றி, வலது காதுக்குப் பின்னால் ஏறி, இடது கொம்பின் அடியில் போய் முடிந்தது. தோலைத் திறந்தபோது அந்தக் கோடு நெடுக ரத்தம் உறைந்து கறுத்திருந்தது. மூச்சுக்குழலுக்குள் நுரை. நுரையீரல் ரத்தம் தேங்கிக் கனத்திருந்தது. மூத்திரப் பையில் இருந்த சிறுநீர் கடுங்காப்பி நிறம். தொடைச் சதை, அவித்த கோழிக்கறி போல வெளிறிப் போயிருந்தது.

இந்தக் கடைசி இரண்டும் முக்கியம். மான் ஜாதி பிடிபட்டால் வெறும் பயத்திலும் திமிறலிலும் செத்துப் போகும். உயிரைக் கொடுத்து இழுக்கும்போது தசை தானே சிதைந்து, அதன் சாயம் ரத்தத்தில் கலந்து சிறுநீரில் இறங்கும். கடுங்காப்பி நிறம் அதனால்தான். சுருக்கு கழுத்தை இறுக்கியது ஒரு பக்கம். பிடிபட்டு இழுத்த இழுப்பே அதைப் பாதி கொன்றிருந்தது. வலையில் மாட்டிய மானை உயிரோடு விடுவித்துவிட்டோம் என்று சந்தோஷப்படுகிறவர்களுக்கும் இதைச் சொல்லியாக வேண்டும். ஓடிப் போகும், ஆனால் சில நாளில் எங்காவது படுத்துச் செத்துவிடக்கூடும்.

அடுத்ததாக நான் கவனித்தது அந்த மான் இருந்த பருவத்தை. கழுத்து கீழ்ப்பக்கம் தடித்துத் திரண்டிருந்தது. கொம்பு முழுக்க முற்றி, நுனி தேய்ந்து வெள்ளையாகப் பளபளத்தது. 71 சென்டிமீட்டர் நீளம், மூன்று கிளை. கொம்படியின் சொரசொரப்பில் மரப்பட்டைத் தூளும் பிசினும் அடைந்திருந்தன. தோள்பட்டையில் இன்னொரு கொம்பு குத்திய புண், ஒரு வாரம் ஆறியது. கண்ணுக்குக் கீழே இருக்கும் சுரப்பிப் பள்ளம் விரிந்து அதில் மெழுகு போலக் கசிவு. முதல் இரைப்பையைத் திறந்தால் இரண்டு கை நெத்தும் கொஞ்சம் புல்லும், அவ்வளவுதான். மழைக்குப் பிறகு எங்கு பார்த்தாலும் பச்சை தளிர்த்திருந்த நேரம் அது. பட்டினி கிடக்க வேண்டிய அவசியமே இல்லை.

பொலிகிடா வளர்க்கிறவர்களுக்கு இது விளங்கும். பெட்டை பருவத்தில் இருந்தால் கிடா தீவனத் தொட்டியைத் திரும்பிப் பார்க்காது, மோந்துகொண்டும் முட்டிக்கொண்டும் அலையும், இரண்டு வாரத்தில் விலா எலும்பு தெரியும். இந்த மானும் அப்படி இணை தேடி அலைந்த மான். அந்த அலைச்சலில் வழக்கமான எச்சரிக்கை குறைந்துவிடும். அது தெரிந்த ஒருவன்தான் இதைப் பிடித்திருக்கிறான்.

நிமிர்ந்து மரத்தைப் பார்த்தேன். புள்ளிமான் ஆணுக்கு ஒரு பழக்கம் உண்டு. பருவத்தில் இருக்கும்போது தாழ்ந்த கிளையைத் தேடிப் போய், பின்னங்காலில் எழுந்து நின்று, கொம்பையும் முகத்தையும் கிளையில் தேய்க்கும். கண்ணடிச் சுரப்பியின் வாசனை அங்கே ஒட்டிக்கொள்ளும். இது என் இடம் என்று மற்ற ஆண்களுக்குச் சொல்லி வைப்பது. திரும்பத் திரும்ப அதே கிளைக்கு வரும். இந்த உடைமரத்தின் கிழக்குக் கிளை பட்டை உரிந்து நார் நாராகத் தொங்கியது. கீழே மண் குளம்பால் பறிபட்டிருந்தது. அந்த நார்களுக்கு ஒரு சாண் தள்ளி, புதிதாக வெட்டுப்பட்ட மெல்லிய வளையம் ஒன்று கிளையைச் சுற்றி இருந்தது. கம்பி இறுகி அறுத்த தடம். கம்பியைக் காணோம். அவிழ்த்துப் போயிருந்தார்கள்.

வனக்காப்பாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

"கண்ணின்னு எழுதினா கேஸ் ஆகும் சார். ரேஞ்சர் வரணும். கோர்ட்டுக்கு நீங்களும் சாட்சி சொல்ல வரணும்."

"வர்றேன்."

"சரி சார். அப்ப இனிமே மானைத் தொட வேண்டாம். மொறையா பண்ணிருவோம்."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். நாய் கடி என்று போனால் அவருக்கும் எனக்கும் அன்றோடு வேலை முடிந்திருக்கும். அவர் அந்த வழியை எடுக்கவில்லை.

முள்ளுக்குள் கிடந்த கொம்பு

சுற்றிலும் தேடியபோது நாற்பது அடி தள்ளிக் கருவேல முள்ளுக்குள் ஒரு ஜோடி கொம்பு கிடைத்தது. செத்த மானுடையது இல்லை. எப்போதோ தானாக உதிர்ந்த, வெயிலில் வெளுத்த பழைய கொம்பு. இரண்டையும் நீல நைலான் வலைக்கயிற்றால் இணைத்திருந்தார்கள், நடுவே இரண்டு முழம் இடைவெளி விட்டு. விற்கக் கட்டி வைத்தது என்று வனக்காப்பாளர் நினைத்தார். உதிர்ந்த கொம்பை எடுத்து வைத்திருப்பதும் குற்றம்தான், அதனால் அதையும் கைப்பற்றிக் குறிப்பில் சேர்த்தார். அது எதற்கு என்று எங்கள் இருவருக்குமே அன்றைக்கு விளங்கவில்லை. விளக்கியவர் கரிமூட்டக்காரர்.

இராமநாதபுரம் பக்கத்தில் கருவேல் வெட்டிக் கரி போடுவது பலருக்குப் பிழைப்பு. விறகை அடுக்கி, இலைதழை போட்டு, மண்ணால் மூடித் தீ வைப்பார்கள். நாள் கணக்கில் உள்ளேயே புகைந்து வேக வேண்டும். மழை மண்ணைக் கரைத்து ஓட்டை விழுந்தால் காற்று புகுந்து மொத்தமும் சாம்பலாகிவிடும். அதனால் மழை ராத்திரியில் மூட்டத்துக்குப் பக்கத்திலேயே தார்ப்பாய் போட்டு விழித்திருப்பார்கள். காட்டில் ராத்திரி என்ன நடக்கிறது என்று இவர்களுக்குத் தெரிகிற அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

அவருக்கு அறுபது வயது இருக்கும். கை முழுக்கக் கரி. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். உட்காரச் சொல்லி நானும் உட்கார்ந்தேன்.

"ரெண்டு ராத்திரியா கொம்பும் கொம்பும் இடிக்கிற சத்தம் கேட்டுச்சுய்யா. மானு சண்டை போடுதுன்னுதான் மொதல்ல நெனச்சேன். ஆனா மானு முட்டிக்கிட்டா நடுவுல மூச்சு விடுற சத்தம் இருக்கும், மண்ணுல கால் இழுபடுற சத்தம் இருக்கும். இது வெறும் கொம்புச் சத்தம். விட்டு விட்டு வந்துச்சு. யாரோ தட்டுறான்னு அப்பவே மனசுல பட்டுச்சு."

மூன்றாம் இரவு விடியப் போகிற நேரத்தில் நாய்கள் குரைத்திருக்கின்றன. இவர் டார்ச்சை அடித்துக்கொண்டு சத்தம் போட்டபடி போயிருக்கிறார். ஒரு வண்டி ஸ்டார்ட் ஆகும் சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. கறியை எடுக்க வந்தவர்கள் கம்பியை மட்டும் உருவிக்கொண்டு ஓடியது இதனால்தான்.

கிளம்பும்போது இன்னொன்று சொன்னார். "சின்ன வயசுல கோயில்ல பாரதம் படிப்பாங்க. பாண்டு மகாராசா சேர்ந்திருந்த மானை அடிச்சாரு. அது மானா இருந்த ரிசி. அந்தச் சாபத்துலதான் அவரு செத்தாரு. தெரிஞ்சும் தெரியாமலும் இத செய்றானுக பாருங்கய்யா." அவர் குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது.

அந்தப் பையன்

நான்காம் நாள் ஊர்ப் பெரியவர் ஒருவர் இருபத்திரண்டு வயதுப் பையனை அழைத்துக்கொண்டு வன அலுவலகத்துக்கு வந்தார். கூடவே அவனுடைய அப்பத்தா. இரண்டு கூட்டாளிகள் வெளியூர் போய்விட்டார்கள். இவன் மட்டும் பயந்து வீட்டில் சொல்லிவிட்டான். ஐ.டி.ஐ. முடித்தவன், வளைகுடா வேலைக்கு விசா வருவதற்காகக் காத்திருந்தவன்.

என் வாக்குமூலத்துக்காக நானும் போயிருந்தேன். வராண்டாவில் அவன் பக்கத்தில் உட்கார வேண்டி வந்தது.

"ஏன் தம்பி இப்படிப் பண்ணுன?"

கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். "டாக்டரய்யா, நான் கறிக்காக ஆரம்பிக்கல. வெளிநாட்டு வீடியோல பாத்தேன். கொம்பை மோதுனா ஆண்மான் சண்டைக்கு வருதுல்ல? அது இங்க வருதான்னு பாக்கணும்னு இருந்துச்சு. மொத நாள் தட்டுனேன். தூரத்துல வந்து நின்னுச்சுய்யா. அதச் சொன்னதுந்தான் இவங்க கம்பி கொண்டு வந்தாங்க."

"தப்புன்னு தெரியாதா?"

"தெரியும். ஆனா அங்கெல்லாம் அக்டோபர், நவம்பர்ல லைசென்ஸ் குடுத்து அடிக்க விடுறாங்க. இதுதான் மானுக்கு சீசன், இப்ப ஆம்பளை மான் ஒண்ணு போனா நட்டம் இல்லன்னு அதுல பேசுறாங்க. நம்ம ஊருக்கும் அப்படித்தான்னு நெனச்சுட்டேன்."

அப்பத்தா அவன் முதுகில் ஒரு அடி வைத்தார். வலிக்கிற அடி இல்லை. அடித்த கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

பையன் சொன்னதில் ஒரு பாதி பொய்யில்லை என்பது எனக்குத் தெரியும். அதைப் பிரித்துப் பார்த்தால்தான் அவன் எங்கே தவறினான் என்பது விளங்கும். அதனால் அந்த ஊர்களின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

அங்கே

ஐரோப்பாவின் செம்மானுக்கும் வட அமெரிக்காவின் வெள்ளைவால் மானுக்கும் இணைசேரும் காலம் இலையுதிர் பருவம்தான். செம்மானில் அது செப்டம்பர் கடைசியும் அக்டோபரும். வெள்ளைவால் மானில் வடக்கு மாநிலங்களில் நவம்பர் நடுவில் உச்சம். பகல் நீளம் குறைவதை அதன் உடம்பு உணர்கிறது. அந்த உணர்வில் ஆண்மைச் சுரப்பு ஏறுகிறது, கழுத்து தடிக்கிறது. செம்மான் மலை அதிரக் கத்துகிறது, தின்பதை மறக்கிறது. பருவம் முடிவதற்குள் ஒரு பெரிய ஆண் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட இழந்துவிடும்.

எல்லாம் ஒரே சமயத்தில் நடப்பதற்குக் காரணம் குட்டி. செம்மான் வயிற்றில் சுமப்பது சுமார் எட்டு மாதம். அக்டோபரில் சேர்ந்தால் ஜூனில் குட்டி விழும், புல் தழைத்திருக்கும் நேரம். தப்பான மாதத்தில் விழுந்த குட்டியைப் பனி கொன்றுவிடும். அதனால் அந்த நாட்டு மான்கள் எல்லாம் ஒரே கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டவை.

அந்தக் கடிகாரத்தை வைத்துத்தான் அங்கே வேட்டைச் சட்டமும். எந்த மாதம், எந்தப் பாலினம், ஆளுக்கு எத்தனை என்று அனுமதிச் சீட்டில் இருக்கும். கொம்பை மோதி ஒலி எழுப்புவதும், ஆண்மான் உறுமல் போல ஊதுவதும் அங்கே வேட்டைக்காரர்கள் வெளிப்படையாகச் செய்கிற உத்தி. ஸ்காட்லாந்தில் நெடுங்காலம் செம்மான் ஆணுக்கு ஜூலை 1 முதல் அக்டோபர் 20 வரை வேட்டைக் காலம், மற்ற மாதங்கள் தடை. 2023-ல் ஆணுக்கு இருந்த அந்தத் தடைக்காலத்தையே எடுத்துவிட்டார்கள். ஓநாய் அழிந்து போன நாட்டில் மான் பெருகி இளமரங்களை மேய்ந்து தீர்க்கிறது என்பது அவர்கள் கவலை. எனக்கு அந்த வேட்டை பிடிக்காது. ஆனாலும் அவர்கள் தங்கள் மானை எண்ணித் தெரிந்து வைத்திருக்கிறார்கள், அதன் நாட்காட்டியைப் படித்துச் சட்டம் எழுதியிருக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இங்கே

சாயல்குடி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 9 பாகையில் இருக்கிறது. வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே அதிகம். ஸ்காட்லாந்தின் வடக்கே அது 11 மணி நேரத்தைத் தாண்டும். எங்கள் கரையில் பகல் குறைந்து மானுக்குச் செய்தி சொல்வது நடக்காது. பனியும் இல்லை. குட்டியைக் கொல்கிற மாதம் என்று ஒன்று இருந்தால் அது தண்ணீர் வற்றிய கோடைதான், அதுவும் வருடத்துக்கு வருடம் மாறும்.

அதனால் புள்ளிமான் ஆண்கள் ஒவ்வொன்றும் தன் தன் கணக்கில் கொம்பு உதிர்த்து, தன் கணக்கில் முளைக்க வைக்கும். கூட்டமாகப் பார்த்தால் சில மாதங்களில் கொம்பு முற்றிய ஆண்கள் கூடுதலாக இருக்கும். ஆனால் எந்த மாதத்திலும் ஒன்றிரண்டாவது பருவத்தில் இருக்கும். என் பழைய குறிப்பு நோட்டில் சித்திரையில் கொம்பு முற்றிய ஆணும் உண்டு, மார்கழியிலும் உண்டு.

இந்த மானை அறுத்துப் பார்த்த அதே வாரத்தில் பக்கத்து ஊர்க் கிணற்றில் இன்னொரு ஆண்மான் விழுந்தது. கயிறு கட்டித் தூக்கியபோது அதன் கொம்பைப் பிடித்தேன். ஒரு சாண் கொம்பு, வெல்வெட் துணி போர்த்தியது போல மெல்லிய மயிர்த்தோல், உள்ளே ரத்தம் ஓடுகிற சூடு கைக்குத் தெரிந்தது. அழுத்தினால் கொஞ்சம் கொடுத்தது. அதற்குச் சண்டையும் இல்லை, இணையும் இல்லை, கண்ணில் தென்பட்ட பசுமையைத் தின்று வயிறு பானை போல இருந்தது. நாலைந்து கிலோமீட்டர் இடைவெளியில், ஒரே வாரத்தில், ஒரே மழையில் இரண்டு ஆண்கள். ஒன்று பருவத்தின் உச்சத்தில், இன்னொன்று பருவத்துக்கு மாதக்கணக்கில் தள்ளி.

பையன் தெரிந்துகொள்ளாத சங்கதி ஒன்று உண்டு. நம் புள்ளிமானை 1932-ல் டெக்சாஸுக்குக் கொண்டுபோய் வேட்டைக்காக விட்டார்கள். இன்றைக்கு அங்கே பெருகிக் கிடக்கிறது. வெள்ளைவால் மான் நவம்பரில் முட்டிக்கொள்ளும் அதே நிலத்தில், நம் மான் பெரும்பாலும் கோடையின் தொடக்கத்தில் கத்துகிறது, மற்ற மாதங்களிலும் குட்டி போடுகிறது. இத்தனை தலைமுறை கழிந்தும் அது நவம்பருக்கு மாறவில்லை. வெளியிலிருந்து வந்த மான் என்பதால் அதற்கு அங்கே தடைக்காலமே கிடையாது, வருடம் முழுக்கச் சுடலாம். எல்லாவற்றுக்கும் ஒரே பருவம் என்று இல்லாத மானுக்குப் பருவம் பார்த்து வேட்டை வைக்க முடியாது என்பதற்கு அந்த ஊரே சாட்சி.

தமிழ்நாட்டில் கார்காலத்தோடு சேர்த்துப் பேசப்பட்ட மான் வேறு. முல்லைத்திணைப் பாட்டில் மழை வந்ததும் பிணையோடு துள்ளுகிற இரலை, கொம்பு முறுக்கிய வெளிமான். அது கோடியக்கரையிலும் வல்லநாட்டிலும் இன்றும் இருக்கிறது. பங்குனி சித்திரையை ஒட்டியும் ஆவணி புரட்டாசியை ஒட்டியும் அதற்கு இரண்டு உச்சம். வெளிமான் கொம்பை உதிர்ப்பதும் இல்லை. பழைய புலவர்கள் எந்த மான் எந்த மழையில் சேர்கிறது என்று கண்ணால் பார்த்துத்தான் பாடியிருக்கிறார்கள். பையன் செய்தது நேர்மாறு. வேறொரு நாட்டு மானின் மாதத்தைக் கொண்டுவந்து நம் ஊர் மானின் தலையில் கட்டினான்.

ஆண்மான் ஒன்று போனால் நட்டமில்லை என்ற பேச்சும் இங்கே எடுபடாது. பெரிய காட்டில் நூற்றுக்கணக்கில் இருக்கும் கூட்டத்துக்கு அது சரியாக இருக்கலாம். எங்கள் கரையில் கருவேல் திட்டுக்குத் திட்டு சிறுசிறு கூட்டங்கள். நடுவே சாலை, உப்பளம், ஊர். ஒரு திட்டில் அந்த நேரத்தில் கொம்பு முற்றியிருக்கும் பெரிய ஆண் ஒன்றோ இரண்டோதான். அதைக் கொன்றால் அந்த முறை பருவத்துக்கு வந்த பெண்களுக்கு இளம் ஆண்தான் மிச்சம், அதுவும் கொம்பு மெத்தென்று இருக்கும் நேரமாக இருந்தால் அதுவும் இல்லை.

வழக்கு

1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு வேட்டையைத் தடுக்கிறது. வேட்டை என்பது சுடுவது மட்டுமல்ல. பிடிப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது, ஆசை காட்டி இழுப்பது, இவற்றுக்கு முயல்வது எல்லாம் அதில் அடக்கம். கொம்பைத் தட்டிய முதல் இரவிலேயே பையன் அந்த வரையறையின் வாசலுக்குப் போய்விட்டான். 2022 திருத்தத்துக்குப் பிறகு இத்தகைய குற்றத்துக்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதல் பட்டியலில் இருக்கும் வெளிமானாக இருந்தால் குறைந்தது 3 ஆண்டு, கூடியது 7.

நான் கொடுத்த அறிக்கையில் கழுத்துக் கோட்டின் படம், கிளையில் இருந்த வளையத்தின் படம், இரண்டின் அளவும் இருந்தன. பையனின் கூட்டாளி வீட்டில் கிடைத்த மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பியின் கனம் இரண்டோடும் பொருந்தியது. மூவர் மேலும் வழக்குப் பதிவானது. பையனின் விசா அந்த வருடம் நின்றுபோனது. வழக்கு நிலுவையில் இருக்கும்போது காவல் துறைச் சான்று கிடைக்காது. அவன் அப்பத்தா என் வீட்டுக்கு ஒரு தடவை வந்தார். சிபாரிசு கேட்க வந்திருப்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது, "அந்த மானுக்கு வலிச்சிருக்குமாய்யா?" என்று. பொய் சொல்ல மனசு வரவில்லை. ரொம்ப நேரம் வலித்திருக்கும் ஆத்தா என்றேன்.

விவசாயிகளையும் நினைக்க வேண்டும். புரட்டாசியில் விதைத்த மானாவாரி நெல் ஐப்பசி மழையில் முளைத்து வரும்போது மான் இறங்கி மேய்ந்தால் அந்த வருடத்துச் சோறு போயிற்று. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதத்தில்தான் எங்களுக்கு. அவர்கள் மான் மேல் கோபப்படுவதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வழக்கில் இருந்த மூவருக்கும் நிலம் கிடையாது, அந்த மான் எந்த வயலிலும் இறங்கியதாகவும் யாரும் சொல்லவில்லை. மான் வேட்டை என்றதும் பயிர்ச்சேதம் என்று ஒரு போர்வை போர்த்துவது வழக்கமாகிவிட்டது.

அப்புறம் என்ன செய்தோம்

முதலாவதாக நான் என்னைத் திருத்திக்கொண்டேன். அந்தப் பக்கத்தில் எந்த மான் செத்து வந்தாலும், நாய் பாதியைத் தின்றிருந்தாலும், கழுத்துத் தோலைத் திறக்காமல் அறிக்கை எழுதுவதில்லை. கடித்த இடத்தில் கன்றல் இருக்கிறதா, சிறுநீர் என்ன நிறம் என்று தனித்தனியாக எழுதுவேன். பக்கத்து வட்டாரத்தில் இருந்த இளைய மருத்துவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தேன்.

காவலும் ஒரு விஷயத்தில் மாறியது. முன்பு தீபாவளி, பொங்கல் நெருங்கினால் ரோந்து கூடும், முடிந்தால் குறையும். கறிக்கு ஆள் தேடுகிற நாள் அது என்பதால் அதில் தப்பில்லை. ஆனால் ஆண்மான் கண்ணியில் விழுவது அது இணை தேடுகிற நேரத்தில், அந்த நேரம் ஒவ்வொரு மானுக்கும் ஒன்று. மாதத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு மரத்தைப் பார்க்கலாம் என்று வனக்காப்பாளரிடம் சொன்னேன். பட்டை புதிதாக உரிந்த தாழ்ந்த கிளை எங்கே தெரிகிறதோ அங்கே ஒரு ஆண் பருவத்தில் இருக்கிறது. அடுத்த சில வாரம் அந்த மரத்தைச் சுற்றித்தான் அவர் கண் இருக்க வேண்டும். கரிமூட்டக்காரர்களும் பனையேறிகளும் ஊற்றுக்குப் போகும் பெண்களும் அப்படி ஒரு கிளையைப் பார்த்தால் அவருக்குப் போன் செய்ய ஆரம்பித்தார்கள்.

பங்குனியில் ஒருநாள் அவரே என்னைக் கூப்பிட்டார். வெயில் ஏறுவதற்கு முன்னால் போய்விட்டோம். அதே உடைமரம். கிழக்குக் கிளையில் பழைய காயம் கறுத்து ஆறியிருந்தது. அதற்கு அரை முழம் தள்ளி புதிய பட்டை உரிந்து, பிசின் இன்னும் காயாமல் வெயிலில் மின்னியது. கீழே மண் பறிபட்டிருந்தது, குளம்படி தெற்கே கடலைப் பார்த்துப் போயிருந்தது. வனக்காப்பாளர் ஒன்றும் பேசவில்லை. சட்டைக் கையை முழங்கைக்கு மேல் ஏற்றிவிட்டு, முள் குத்துவதைப் பொருட்படுத்தாமல், அந்த மரத்தின் ஒவ்வொரு தாழ்ந்த கிளையையும் அடியிலிருந்து நுனிவரை விரலால் தடவிப் பார்த்தார். மறுபக்கத்துக் கிளைகளை நான் தடவினேன். கம்பி எதுவும் இல்லை.